சான்றிதழ் இல்லாமல் பறந்த மனிதர்

கடலூர் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகள் கரை சேரும் காலை வேளையில் வானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் செம்பருந்துகளைக் கண்டிருப்பார்கள். வெண்மையான தலையும் செம்பழுப்புச் சிறகும் கொண்ட அப்பறவை, சிறகை ஒருமுறைகூட அடிக்காமல் வட்டமிட்டு வட்டமிட்டு மேலே போகும். அதற்கு எஞ்சின் இல்லை, எரிபொருள் இல்லை. விரித்த சிறகும் வீசும் காற்றுமே அதன் மூலதனம். சிதம்பரம் கோபுரங்களுக்கு மேலும் வீராணம் ஏரிக்கரையிலும் பறவைகள் இவ்வாறு மிதப்பதைக் காணலாம். நாம் ஒரு கணம் பார்த்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடிவிடுகிறோம். ஆனால், பறவையைப் பார்த்ததோடு நில்லாமல் அதன் சிறகை அளந்து, அளந்ததை எழுதி, எழுதியதை நம்பித் தம் உயிரையே அதில் ஏற்றிய ஒருவர் ஜெர்மனியில் வாழ்ந்தார். அவர்தான் ஓட்டோ லிலியன்தால்.

பறக்க வேண்டும் என்ற ஆசை மனித குலத்துக்குப் புதியதன்று. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் மனைவி விசயைக்காக மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். ஆபத்து வருமுன்பே அதை இயக்க அவளுக்குப் பயிற்சியும் அளிக்கிறான். பொறியைச் செய்தால் மட்டும் போதாது, அதை ஓட்டிப் பழக வேண்டும் என்பது காப்பியப் புலவருக்கும் தெரிந்திருந்தது. கற்பனையில் இருந்த அந்தப் பயிற்சியை மண்ணில் நின்று முதன்முதலாக முறைப்படி மேற்கொண்டவர் என்று லிலியன்தாலைச் சொன்னால் அது மிகையாகாது.

எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்து இறங்கும் விமானத்தைக் கிளைடர் என்கிறோம். இன்று ஒருவர் சொந்தமாக ஒரு கிளைடரைக் கட்டியோ வாங்கியோ பறக்க விரும்பினால், அவருக்குப் பறப்புத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். பேருந்துக்கும் லாரிக்கும் எஃப்.சி. வாங்குவது போன்றதுதான் இதுவும் என்று வைத்துக்கொள்ளலாம். லிலியன்தால் காலத்தில் அப்படி ஒரு சான்றிதழ் உலகில் எந்த நாட்டிலும் இல்லை. கொடுக்க அதிகாரி இல்லை. கேட்கச் சட்டமும் இல்லை. கேட்பதற்கு ஆளில்லாத காலத்தில் ஒரு மனிதர் எவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டார் என்பதே அவருடைய வாழ்க்கை நமக்குச் சொல்லும் செய்தி.

இளமைக் காலம்

ஓட்டோ லிலியன்தால் 1848-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள், பொமரேனியாப் பகுதியில் உள்ள அங்க்லாம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருக்கு அடுத்த ஆண்டு பிறந்த தம்பி குஸ்தாவ் வாழ்நாள் முழுவதும் அவருக்குத் தோழனாகவும் துணையாகவும் விளங்கினார். தந்தையார் வணிகர். 1861-இல் அவர் காலமானபோது ஓட்டோவுக்கு வயது பன்னிரண்டுதான். குடும்பப் பாரம் முழுவதும் தாயார் கரோலினாவின் தோளில் விழுந்தது. இசை கற்ற அந்த அம்மையார் பிள்ளைகளின் ஆர்வத்துக்கு ஒருபோதும் தடை சொல்லவில்லை.

அங்க்லாம் ஊரைச் சுற்றிப் பச்சைப் புல்வெளிகள் பரந்திருந்தன. அங்கே நாரைகள் மேய்ந்தன. நம் பழந்தமிழ்ப் புலவர்கள் செங்கால் நாரை என்று பாடிய அதே இனம்தான். சிறுவர் இருவரும் அந்த நாரைகளை மணிக்கணக்கில் கவனித்தனர். ஆள் நெருங்கும்போது நாரை, ஆளை விட்டு விலகி ஓடுவதைக்கூடப் பொருட்படுத்தாமல், காற்று வீசும் திசையை எதிர்கொண்டே எழும்புவதை அவர்கள் கண்டனர். காற்றுக்கு முகம் கொடுத்தால் எழும்புவது எளிது என்னும் முதற்பாடத்தைச் சிறுவர்களுக்குக் கற்பித்த ஆசிரியர் நாரையே.

பதின்மூன்று, பதினான்கு வயதில் அண்ணனும் தம்பியும் மெல்லிய பலகைகளால் சிறகு செய்து கையில் கட்டிக்கொண்டு சரிவில் ஓடிப் பார்த்தனர். பள்ளித் தோழர்கள் கேலி செய்வார்களே என்று அஞ்சி, இந்தச் சோதனையை இரவில் நடத்தினர். சிறகு அவர்களைத் தூக்கவில்லை. ஆயினும் ஆசை அடங்கவில்லை.

பின்னர் ஓட்டோ போட்ஸ்டாம் நகரத் தொழிற்பள்ளியில் பயின்று மிகச் சிறப்பாகத் தேறினார். பெர்லினில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் கைவேலைப் பயிற்சி பெற்றார். அதன் பிறகு 1867 முதல் 1870 வரை பெர்லின் தொழிற்கழகத்தில் பொறியியல் படித்தார். பின்னாளில் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்த நிறுவனம் அது. படிப்பு முடிந்த கையோடு பிரான்சுடன் போர் மூண்டது. ஓட்டோ போர்முனைக்குச் சென்று திரும்பினார்.

தொழிலும் தொழிலாளரும்

பறப்பது பிழைப்புக்கு உதவாது என்பதை அவர் அறிந்தே இருந்தார். எனவே பொறியாளராக வேலை பார்த்தார். சுரங்க வேலைக்கான இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1878-இல் ஆக்னஸ் ஃபிஷர் என்னும் மங்கையை மணந்தார். அவர்களுக்கு நான்கு குழந்தைகள் பிறந்தனர்.

அண்ணன் தம்பி இருவரும் குழந்தைகள் விளையாடுவதற்கான செயற்கைக் கல் கட்டைகளைக் கண்டுபிடித்தனர். மணல், சுண்ணத்தூள், ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து அழுத்திச் செய்தவை அவை. வாணிகத் திறமை போதாமையால் அந்த உரிமையை ரிக்டர் என்னும் தொழிலதிபருக்குச் சிறு தொகைக்கு விற்றுவிட்டனர். அவர் அதை உலகெங்கும் விற்றுப் பெரும்பொருள் ஈட்டினார். கண்டுபிடித்தவர்களுக்கோ ஏமாற்றமே மிஞ்சியது.

ஆயினும் ஓட்டோ சோர்ந்துவிடவில்லை. சுருள் குழாய்களால் ஆன, வெடிக்கும் அபாயம் குறைந்த நீராவிக் கொதிகலனை உருவாக்கிச் சொந்தத் தொழிற்சாலை தொடங்கினார். அக்காலத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர் மடிவது அடிக்கடி நிகழ்ந்த கொடுமை. சிறு பட்டறைகளும் அஞ்சாமல் வைத்துக்கொள்ளத்தக்க கொதிகலனை அவர் செய்தார். 1890 முதல் தொழிற்சாலை இலாபத்தில் நான்கில் ஒரு பங்கைத் தொழிலாளர்களுக்குப் பகிர்ந்தளித்தார். ஏழை எளியவர்களும் நாடகம் காண வேண்டும் என்பதற்காகக் குறைந்த கட்டணத்தில் நடந்த ஒரு நாடக அரங்குக்கு ஆதரவளித்ததோடு, தாமே நாடகமும் எழுதினார். பறக்கும் மனிதரின் கால்கள் தரையில்தான் ஊன்றி நின்றன.

அளந்து பார்த்த அறிஞர்

பறவையின் சிறகு தட்டையானதன்று. மேற்புறம் சற்றே வளைந்தது. இந்த வளைவில் என்ன பயன்? இந்தக் கேள்விக்கு விடை காண, 1870-களில் சகோதரர் இருவரும் சுழலும் நீண்ட கை கொண்ட ஒரு கருவியைச் செய்தனர். அதன் முனையில் பலவகைத் தகடுகளைப் பொருத்திச் சுழலவிட்டு, காற்று அவற்றை எவ்வளவு தூக்குகிறது, எவ்வளவு தடுக்கிறது என்று ஒவ்வொரு கோணத்துக்கும் அளந்தனர். பின்னர் திறந்தவெளிக் காற்றிலும் அளவெடுத்தனர்.

அளவுகள் தெளிவாகப் பேசின. தட்டைத் தகட்டைவிட வளைந்த தகடு மிகுதியாகத் தூக்குகிறது. அகலத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு வளைவு மிகவும் ஏற்றது. இவற்றையெல்லாம் தொகுத்து 1889-இல் ஒரு நூலாக வெளியிட்டார் லிலியன்தால். பறவையின் பறப்பே பறக்கும் கலைக்கு அடிப்படை என்பது அந்நூலின் தலைப்பும் கருத்துமாகும். தூக்கு விசையையும் தடை விசையையும் ஒரே வரைபடத்தில் கோணவாரியாகக் காட்டிய முறை அதில் இடம்பெற்றது. இன்றைக்கும் விமானவியல் மாணவர் அந்த வகை வரைபடத்தைத்தான் வரைகின்றனர்.

அன்றைய அறிஞர் பலருக்குப் பறப்பது என்றால் பலூன்தான். காற்றை விடக் கனமான ஒன்று பறக்கும் என்று சொன்னவர்களை அவர்கள் எள்ளி நகையாடினர். வாதம் செய்து அவர்களை வெல்ல லிலியன்தால் முயலவில்லை. தாமே பறந்து காட்டுவது என்று முடிவு செய்தார்.

படிப்படியாக ஏறிய உயரம்

அவர் எடுத்த எடுப்பில் மலை உச்சியிலிருந்து குதித்துவிடவில்லை. தம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மேடை அமைத்தார். முதலில் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சிறகோடு குதித்தார். அது பழகிய பிறகே மேடையை உயர்த்தினார். 1891-இல் போட்ஸ்டாமுக்கு மேற்கே டெர்விட்ஸ் என்னும் ஊருக்கருகில் இருந்த மேட்டிலிருந்து ஓடிவந்து காற்றில் ஏறி, ஏறத்தாழ 25 மீட்டர் தூரம் மிதந்து சென்று இறங்கினார். அவருக்கு அப்போது வயது 43.

25 மீட்டர் என்பது நம் வகுப்பறைகள் சிலவற்றை வரிசையாக வைத்தால் வரும் நீளம். ஆயினும் மனித வரலாற்றில் அந்தத் தூரம் பெரியது. ஏனெனில் அது தற்செயலாக நிகழ்ந்ததன்று. அடுத்த நாளும் அதைச் செய்ய முடிந்தது. அதற்கடுத்த நாளும் செய்ய முடிந்தது.

1893-இல் ரீனோ ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளைத் தேர்ந்தெடுத்தார். அங்கே 250 மீட்டர் வரை பறந்தார். 1894-இல் பெர்லின் அருகே லிக்டர்ஃபெல்டு என்னுமிடத்தில் செங்கல் சூளையின் கழிவு மண்ணைக் குவித்து, 15 மீட்டர் உயரமுள்ள ஒரு கூம்புக் குன்றையே எழுப்பினார். சிதம்பரம் கோயில் கோபுரம் ஏறத்தாழ 40 மீட்டர் உயரம் என்றால், இந்தக் குன்று அதில் பாதிக்கும் குறைவுதான். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே சரிவு. காற்று எந்தத் திசையிலிருந்து வீசினாலும் அதை எதிர்கொண்டு ஓடலாம். சிறுவயதில் நாரை கற்பித்த பாடம் இப்போது குன்றாக உருவெடுத்தது.

அவருடைய கிளைடர் வளையும் மரக்கொம்புகளால் ஆன சட்டகமும் அதன்மேல் இழுத்துத் தைத்த பருத்தித் துணியும் கொண்டது. சிறகின் நீளம் 6.7 மீட்டர், பரப்பு ஏறத்தாழ 13 சதுர மீட்டர், எடை 20 கிலோ. நடுவில் உள்ள சட்டத்தில் முழங்கைகளை ஊன்றித் தொங்கிக்கொண்டு, கால்களை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் வீசி உடல் எடையை நகர்த்துவதன் மூலம் அவர் கிளைடரைத் திருப்பினார். மிதிவண்டியில் கைவிட்டு ஓட்டும் இளைஞன் இடுப்பை அசைத்து வண்டியைத் திருப்புவது போன்றது இது. ஆனால் காற்று சட்டென்று மாறினால் உடலை அதே வேகத்தில் நகர்த்த முடியாது. இந்தக் குறையை அவர் உணர்ந்தே இருந்தார். மூக்குப் பக்கம் மோதினால் அடியைத் தாங்க ஒரு வளையத்தைப் பொருத்தினார். 1894-இல் ஒருமுறை கிளைடர் கவிழ்ந்து விழுந்தபோது அந்த வளையம் நொறுங்கியது; அவர் காயங்களோடு உயிர் தப்பினார்.

ஐந்தாண்டுகளில் அவர் 2,000-க்கும் மேற்பட்ட முறை பறந்தார். ஒவ்வொன்றும் சில நொடிகளே நீடித்ததால், எல்லாவற்றையும் கூட்டினாலும் அவர் வானில் இருந்த நேரம் ஐந்து மணி அளவுதான். இன்று அமெரிக்காவில் வீட்டில் கட்டிய எஞ்சின் விமானத்துக்கு முதற்கட்டச் சோதனையாகப் பொதுவாக 25 அல்லது 40 மணி நேரம் தனியாகப் பறந்து காட்டும்படி கேட்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால், உலகுக்கே பறக்கக் கற்பித்த அம்மனிதர் தம் சோதனைக் காலத்தையே முடிக்கவில்லை!

விலைக்கு வந்த சிறகுகள்

லிலியன்தால் 1894 முதல் தம் கிளைடரை 500 மார்க் விலைக்கு விற்கத் தொடங்கினார். ஒரே வடிவில் பல செய்து பொதுமக்களுக்கு விற்கப்பட்ட முதல் பறக்கும் பொறி அதுவே. ஒன்பது பேராவது வாங்கினர். மாஸ்கோவில் பேராசிரியராக இருந்த ஜுக்கோவ்ஸ்கி ஒன்றை வாங்கிச் சென்றார். பின்னாளில் அவரே ரஷ்ய விமானவியலின் தந்தை எனப் போற்றப்பட்டார். அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட் ஒன்று வாங்கினார். அயர்லாந்தில் டப்ளின் டிரினிடி கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஃபிட்ஸ்ஜெரால்டு, 1895-இல் தம் கல்லூரி மைதானத்திலேயே கிளைடரோடு ஓடிப் பார்த்தார். சார்பியல் கொள்கையைப் படிக்கும் நம் மாணவர்கள் நீளச் சுருக்கம் என்ற பாடத்தில் காணும் பெயர் இவருடையதே. பேராசிரியர் ஒருவர் இறக்கை கட்டிக்கொண்டு மைதானத்தில் ஓட, மாணவர்கள் வேடிக்கை பார்த்த அந்தக் காட்சியை எண்ணிப் பார்த்தால் நமக்கே உற்சாகம் பிறக்கிறது.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. தனி மனிதர் ஒருவர் ஒரு கிளைடரை விலை கொடுத்து வாங்குகிறார். அது பறக்கத் தகுதியுள்ளது என்று அவருக்கு யார் உறுதி சொல்வது? அன்று சொன்னவர் விற்றவர் ஒருவரே. தாமே பலநூறு முறை பறந்து பார்த்த வடிவத்தையே லிலியன்தால் விற்றார். வாங்கியவர் அவசரப்படாமல், கழுத்தைக் காத்துக்கொண்டு பழக வேண்டும் என்று எச்சரித்தார். அவர் வார்த்தையே சான்றிதழாக இருந்தது.

இரண்டு மரணங்கள்

1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஷ்டோல்ன் ஊரருகே கோலன்பெர்க் குன்றில் லிலியன்தால் பறந்துகொண்டிருந்தார். வெயில் காயும் நாளில் தரை சூடேறி, காற்று குமிழ் குமிழாக மேலெழும். அத்தகைய காற்று ஒன்று கிளைடரை நடுவானில் நிறுத்தி மூக்கைத் தூக்கிவிட்டது. காலை முன்னே வீசி அதைத் தாழ்த்த முயன்றார், இயலவில்லை. ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்தது. உடனிருந்த உதவியாளர் பவுல் பைலிக் அவரை மீட்டார். மறுநாள் இரயிலில் பெர்லினுக்குக் கொண்டு சென்றனர். ஆகஸ்டு 10-ஆம் நாள் மாலை அவர் உயிர் பிரிந்தது. வயது 48. ஆக்னஸ் அம்மையாரும் நான்கு குழந்தைகளும் ஆதரவிழந்து நின்றனர்.

பெர்சி பில்ச்சர் என்னும் ஆங்கில இளைஞர் லிலியன்தாலிடம் நேரில் சென்று பழகியவர். அவர் தாமே வடிவமைத்த கிளைடருக்குப் பருந்து என்று பெயர் வைத்தார். 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், மழையில் நனைந்திருந்த அந்தக் கிளைடரில், வந்திருந்த விருந்தினர்களை ஏமாற்ற மனமின்றி அவர் பறந்தார். வாலைத் தாங்கிய கொம்பு நடுவானில் முறிந்தது. இரண்டு நாட்களில் அவரும் மறைந்தார். வயது 32.

இந்த இரண்டு மரணங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பில்ச்சரின் கிளைடரில் ஓர் உறுப்பு முறிந்தது. லிலியன்தாலின் கிளைடரிலோ எதுவும் முறியவில்லை. அது எந்தக் காற்றுக்குத் தகுதியானதோ அந்த எல்லையைக் காற்று தாண்டிவிட்டது. எனவே பறக்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. பொறி உறுதியாக இருக்கிறதா? எந்த எல்லைக்குள் அதைப் பறக்கவிடலாம்? பறப்புத் தகுதிச் சான்றிதழ் என்பது இவ்விரு கேள்விகளுக்கான விடையே அன்றி வேறில்லை.

சான்றிதழ் பிறந்த கதை

முதல் உலகப் போருக்குப் பின், 1919-இல் பாரிசில் பல நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கையில், நாடு விட்டு நாடு பறக்கும் விமானத்துக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று விதித்தனர். இந்தியாவில் 1934-இல் விமானச் சட்டமும் 1937-இல் அதற்கான விதிகளும் வந்தன. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024-இல் நிறைவேறிய பாரதிய வாயுயான் சட்டம், 2025 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. சான்றிதழ் வழங்கும் பொறுப்பு சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தைச் சார்ந்தது.

ஒரு வடிவத்தைத் தொழிற்சாலை முழுமையாகச் சோதித்து அரசின் ஒப்புதல் பெற்றுவிட்டால், அந்த வடிவில் செய்த விமானங்களுக்குச் சான்றிதழ் பெறுவது எளிது. ஆனால் தாமே கட்டிய கிளைடருக்கும், வெளிநாட்டிலிருந்து வாங்கிய, உள்நாட்டு ஒப்புதல் பெறாத கிளைடருக்கும் என்ன வழி? இதற்காக அமெரிக்காவில் சோதனை வகைச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. உரிமையாளர் ஒரு கடிதம் எழுத வேண்டும். எதற்காகப் பறக்கப் போகிறார், போட்டிக்கா, காட்சிக்கா, எந்தப் பகுதியில் பறப்பார் என்றெல்லாம் அதில் சொல்ல வேண்டும். கிளைடரின் எடையையும் புவியீர்ப்பு மையம் எங்கே விழுகிறது என்பதையும் அளந்து தர வேண்டும். பராமரிப்புப் பதிவேட்டைக் காட்ட வேண்டும். ஆய்வாளர் வந்து பார்த்து, நிறைவு ஏற்பட்டால் சான்றிதழ் தருவார். அதோடு ஒரு நிபந்தனைப் பட்டியலும் வரும். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றக் கூடாது. நெரிசலான ஊர்ப்பகுதிகளுக்கு மேலே பறப்பதிலும் கட்டுப்பாடுகள் உண்டு. ஏறுபவர் கண்ணில் படும்படி சோதனை என்னும் சொல்லைக் கிளைடரில் எழுதியும் வைக்க வேண்டும். இது முழுமையாக நிறுவப்பட்ட வடிவமன்று என்று ஏறுபவருக்கு ஒளிக்காமல் சொல்லிவிடும் ஏற்பாடு அது.

இந்தப் பட்டியலை லிலியன்தாலின் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நோக்கம் தெளிவாக இருந்தது. எடையும் மையமும் அவர் உடம்பிலேயே பதிந்திருந்தன. பறப்பதற்கென்று ஒதுங்கிய குன்றைத் தேர்ந்தார். உயரத்தைப் படிப்படியாகக் கூட்டினார். நடந்ததை எழுதி வைத்தார். படம் எடுக்கச் செய்தார். இன்று அதிகாரி கேட்பவற்றுள் பெரும்பாலானவற்றை, யாரும் கேட்காமலே அவர் செய்தார்.

நம் நாட்டிலும் கிளைடர்கள் செய்யப்பட்டன. 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி இந்திய சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையம் வடிவமைத்தவற்றுக்கு அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர், ஆர்த்ரா என்று விண்மீன்களின் பெயர்களையே வைத்தனர். 1979-இல் முதன்முதல் பறந்த ஆர்த்ராவை இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் செய்தளித்தது. ஆர்த்ரா என்பது வேறொன்றுமில்லை. மார்கழியில் சிதம்பரத்தில் தரிசனம் காணப்படும் நம் திருவாதிரைதான். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாணவர்கள் பல்லாண்டுகள் கிளைடர் பயிற்சி பெற்றதும் நாம் அறிந்ததே.

அளவுகள் பொய்க்கவில்லை

லிலியன்தாலின் மரணச் செய்தி அமெரிக்காவில் மிதிவண்டிக் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்களின் நெஞ்சில் பதிந்தது. அவர்கள் லிலியன்தாலின் அட்டவணையைக் கொண்டே 1900-லும் 1901-லும் கிளைடர் கட்டினர். எதிர்பார்த்த தூக்கு விசை கிடைக்கவில்லை. அட்டவணை தவறோ என்று ஐயுற்றனர். 1901 இறுதியில் ஆறடி நீளமுள்ள ஒரு காற்றுச் சுரங்கத்தைச் செய்து, ஏறத்தாழ 200 சிறு சிறகுகளைச் சோதித்தனர். முடிவு வியப்பளித்தது. பெரும்பிழை 18-ஆம் நூற்றாண்டிலிருந்து எல்லோரும் ஆராயாமல் பயன்படுத்தி வந்த, காற்றழுத்தம் பற்றிய ஒரு மாறிலியில் இருந்தது. லிலியன்தாலின் அளவுகள், அவர் சோதித்த சிறகைப் பொறுத்தவரை, பெரும்பாலும் சரியாகவே இருந்தன. 1903 டிசம்பர் 17-இல் ரைட் சகோதரர்கள் எஞ்சின் பொருத்திய விமானத்தில் பறந்தனர்.

அவர் மறைந்து 120 ஆண்டுகள் கழிந்து, 2016-இல், ஜெர்மானிய விண்வெளி ஆய்வு மையத்தார் அவருடைய கிளைடரைப் போலவே ஒன்றைச் செய்வித்துப் பெரிய காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தனர். அது நிலைத்தன்மை உடையது. ஒரு மீட்டர் இறங்குவதற்குள் மூன்றரை மீட்டருக்கு மேல் முன்னேறக் கூடியது என்று கண்டறிந்தனர். அவர் உயிரைப் பறித்தது வடிவமைப்பின் குற்றமன்று என்றும் விளங்கியது. உயிரோடிருந்தபோது யாரும் தராத சான்றிதழ் அவருக்கு அன்றுதான் கிடைத்தது எனலாம்.

மாணவ நண்பர்களுக்கு

ஆய்வுக்கூடத்தில் ஊசல் அசைவை எண்ணுகிறோம். விடை வரவேண்டியபடி வராவிட்டால் என்ன செய்கிறோம்? பக்கத்து மேசை நண்பனின் எண்களைப் பார்த்து நம் எண்களைத் திருத்திக்கொள்கிறோம். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அளவுகளை எழுதிவிடுகிறோம். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழுந்துவிடுகிறது. மதிப்பெண்ணும் கிடைக்கிறது. இதை எழுதும் நானும் அவ்வாறு செய்தவன்தான், மறைப்பானேன்?

லிலியன்தாலின் நோட்டில் கையெழுத்திட ஆசிரியர் இல்லை. பொய்யாக ஓர் எண்ணை எழுதியிருந்தால் கண்டுபிடிப்பாரும் இல்லை. ஆனால் அந்த எண்ணின்மீது ஏறி அவரே பறக்க வேண்டியிருந்தது. அவருக்குப் பின் ஃபிட்ஸ்ஜெரால்டும் ஜுக்கோவ்ஸ்கியும் ரைட் சகோதரர்களும் அதையே நம்ப வேண்டியிருந்தது. நாளை நம்மில் ஒருவர் பாலத்துக்கோ மருந்துக்கோ கொதிகலனுக்கோ அளவெடுக்கும் வேலைக்குப் போகலாம். அப்போது நாம் எழுதும் எண்ணின்மீது யாரோ ஒருவர் ஏறி நிற்பார். அதிகாரியின் முத்திரை தாளுக்கு அழகு தரும். தாளைத் தாங்கி நிற்பது அளந்தவரின் நாணயமே.

லிலியன்தால் எழுப்பிய செயற்கைக் குன்று பெர்லினில் இன்றும் இருக்கிறது. 1932-இல் அதன் உச்சியில் அவருக்கு நினைவுச் சின்னம் அமைத்தார்கள். அவ்வளவு தூரம் நம்மால் போக முடியாமற் போகலாம். மாலையில் வகுப்பு முடிந்து தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் போகும்போது, தலைக்கு மேல் ஒரு பருந்து சிறகசைக்காமல் மிதந்தால் சற்று நின்று பாருங்கள். அது எந்தத் திசைக்கு முகம் கொடுத்து மேலெழுகிறது என்று கவனியுங்கள். கவனித்ததை, கண்டது கண்டபடி, ஒரு தாளில் குறித்து வையுங்கள்.